ரிவர்ஸ் கியர் இல்லாத அக்கா

மெல்பர்னின் புறநகரான டார்னெய்ட்டில் நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்கார அக்கா ஐந்தடி உயரம்கூட இல்லை. அவர் ஓட்டிய மோட்டார் சைக்கிள் முந்நூறு கிலோவுக்கு மேல். இந்த இரண்டு வாக்கியங்களையும் அடுத்தடுத்துச் சொல்லிவிட்டு எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்ப்பது இன்றைக்கும் எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு. வேலை மாறி சிட்னிக்கு வந்து மெரிலேண்ட்ஸில் குடியேறிய இந்த இரண்டு வருஷத்தில் யார் யாரிடமோ சொல்லிவிட்டேன். பல் டாக்டரிடம் வாயைத் திறந்து வைத்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன். ஒருவரும் முதல் தடவையில் நம்பவில்லை.

நான் கோயம்புத்தூரிலிருந்து இயந்திரப் பொறியியல் மேற்படிப்புக்காக மெல்பர்ன் வந்து இறங்கிய அன்று, அக்கா வாசலில் நின்றார். டாக்ஸியிலிருந்து இரண்டு பெரிய பெட்டிகளை இழுத்தேன். அவர் வந்து இரண்டையும் வாங்கினார்.

"அக்கா, ஒண்ண நான் எடுத்துக்கறனுங்க."

"விடும், நான் பாக்கிறன்."

இதுதான் அவருடைய வாசகம். காலையில் எழுந்தது முதல் பத்துத் தடவையாவது வரும். யாழ்ப்பாணத்து 'நீர், உமக்கு' எனக்கு முதல் வாரம் மேடை நாடகம் மாதிரி இருந்தது. இரண்டாவது வாரத்தில் நானே "நீர் சாப்பிட்டீரா" என்று அம்மாவிடம் போனில் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பெட்டியில் துண்டு துண்டாக வந்து நாமே பூட்டிக்கொள்ளும் அலமாரி ஒன்றை எனக்காக வாங்கினார். நான் இயந்திரப் பொறியாளர். திருகாணிகளோடு பிறந்தவள். ஆனால் என்னைக் கிட்ட விடவில்லை. நாலு மணி நேரம் தனியாகப் பூட்டினார். கடைசியில் கதவுகள் பக்கவாட்டில் திறக்காமல் கீழிருந்து மேலே திறந்தன. அக்கா தள்ளி நின்று பார்த்தார். "கார் டிக்கி மாதிரி. வடிவா இருக்கு," என்றார். இரண்டு வருஷமும் என் துணிகளைத் தலையால் கதவைத் தாங்கிக்கொண்டுதான் எடுத்தேன்.

அக்காவுக்கு வேலை, முதியோர் இல்லத்தில் நர்ஸ். விழுந்த பெரியவர்களை எப்படி எழுப்புவது என்று புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவரும் அவர்தான். "முதுகாலை தூக்கக் கூடாது. காலாலை தூக்கவேணும்" என்பார். இந்த ஒரே விதியை வைத்துக்கொண்டு அவர் மோட்டார் சைக்கிள் உலகத்தையே எதிர்கொண்டார்.

வண்டி வந்த நாளைச் சொல்ல வேண்டும். அதற்கு முன்பு நடுத்தரமான ஒன்று வைத்திருந்தார். அது போய் இது வந்தது. கராஜ் கதவு ஏறியதும் நான் பார்த்தது முதலில் பின்சக்கரம். கார் டயர் அகலம். அப்புறம் கருப்பு டாங்க், அதன் கீழே எஞ்சின். எஞ்சினுக்கு ஒரு மோட்டார் சைக்கிளை மாட்டியிருக்கிறார்கள் என்றுதான் தோன்றியது. நான் கராஜ் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் குசினியில் அவர் தேங்காய் துருவ, நான் எனக்குத் தெரிந்த வரலாறு முழுவதையும் கொட்டினேன். குரூசர் என்பது என்ன? காலை முன்னால் நீட்டி, சாய்வு நாற்காலியில் கிடப்பது போல உட்கார்ந்து, நேரான சாலையில் அலட்டிக்கொள்ளாமல் போகிற வண்டி. அழகு உண்டு, அவசரம் கிடையாது. எண்பதுகளில் ஒரு ஜப்பான் கம்பெனிக்காரர்களுக்குப் பித்துப் பிடித்தது. நெடும்பயண வண்டிக்கு வைத்திருந்த நாலு சிலிண்டர் எஞ்சினை எடுத்து முறுக்கேற்றி குரூசர் உடம்பில் உட்கார வைத்தார்கள். எஞ்சின் ஆறாயிரம் சுற்றைத் தாண்டினால் உள்ளே ஒரு தடுப்பு திறக்கும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு கார்புரேட்டர்கள் சேர்ந்து ஊட்டும். அதுவரை சாதுவாக வந்த வண்டிக்குச் சாமி வந்துவிடும். அவ்வளவுதான், மற்ற கம்பெனிகளுக்குத் தூக்கம் போயிற்று. ஆளாளுக்கு எஞ்சினைப் பெருக்கினார்கள். இங்கிலாந்தில் ஒரு கம்பெனி ஆயிரத்து அறுநூறு சிசி போதும் என்று தொடங்கி, மற்றவர்கள் பெருக்குவதைப் பார்த்து, போட்ட வரைபடத்தைக் கிழித்து, இரண்டாயிரத்து முந்நூறில் போய் நின்றது. மூன்று சிலிண்டரையும் காரில் வைப்பதைப் போல நீளவாக்கில் வரிசையாக வைத்தார்கள். அதற்கு அடுத்த தலைமுறைதான் கராஜில் நிற்பது. இரண்டரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. என் அப்பா வாங்கிய முதல் காருக்கே எண்ணூறு சிசிதான். அதைப் போல மூன்று கார்களின் எஞ்சின் அக்காவின் முழங்கால்களுக்கு நடுவில் இருக்கிறது.

அக்கா துருவலைத் தட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"அப்ப, ரோசத்திலை செய்த சாமான்."

"ஆமாங்க்கா. சுத்தமா ரோஷம்தான்."

"அதுதான் எனக்குப் பிடிச்சது. இறைச்சிக்கு உப்புக் காணுமோ, இன்னும் போடவேணுமோ பாரும்."

அடுத்த நாள் பின்னால் ஏற்றிக்கொண்டு போனார். எனக்கோ காருக்கும் சின்ன மோட்டார் சைக்கிளுக்கும்தான் உரிமம் இருந்தது. ஓட்டுகிற பேச்சே இல்லை. ஜீலாங் பக்கம் போகும் நெடுஞ்சாலையில் ஏறியதும் கைப்பிடியைக் கொஞ்சம் திருப்பினார். கொஞ்சம்தான், ஊறுகாய்ப் பாட்டில் மூடியைத் திறக்கிற அளவு. கியர் மாற்றவில்லை. சத்தம்கூட உறுமல் இல்லை, அடித்தொண்டையில் ஒரு செருமல். என் வயிறு டார்னெய்ட்டிலேயே நின்றுகொண்டது, நான் மட்டும் போய்விட்டேன். ஹெல்மெட்டுக்குள் சிரித்துச் சிரித்து முன்கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது. ஆனால் முள் நூறைத் தொட்டதும் அக்கா அங்கேயே பிடித்து வைத்தார். பின்னால் வந்த பால் லாரி எங்களைத் தாண்டிப் போனது.

இறங்கியதும் கேட்டேன். "ஏங்க்கா, இத்தனை பெரிய எஞ்சின வெச்சுக்கிட்டு நூறுலயே போனா எப்பிடி?"

"வேகமாப் போறது பெரிய விசயமில்லை, பிள்ளை. போகேலும் எண்டு தெரிஞ்சுகொண்டு நூறிலை போறதுதான் விசயம்."

இப்படி எஞ்சின் பெருத்த 'மசில் குரூசர்கள்' மீதான மோகத்தைப் பற்றி நான் படித்த எந்தக் கட்டுரையும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

சிக்கல் அக்காவின் அண்ணனிடமிருந்து வந்தது. இரண்டு தெரு தள்ளி இருந்தார். ஏழு பேர் உட்காரும் வண்டி வைத்திருந்தார், அதில் தீயணைப்பான் வைத்திருந்தார், அந்தத் தீயணைப்பானுக்கு ஒரு உபரியும் வைத்திருந்தார். தன் மகளின் பிறந்தநாள் விருந்தில், கேக் வெட்டும் கத்தியைக் கையில் பிடித்தபடி தங்கையிடம் விசாரணையைத் தொடங்கினார்.

"உதுக்கு ரிவேர்ஸ் கியர் இருக்கோ?"

"இல்லை அண்ணை."

"அப்ப பின்னுக்கு எடுக்கிறதெண்டால் ஆர் தள்ளுறது?"

"நான்."

"நீ? நீ கடை டிரொலியைத் தள்ளினாலே டிரொலிதான் தெரியும், ஆள் தெரியாது."

பன்னிரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அதற்கு இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அக்கா சிரிக்கவில்லை. கதிரையை விட்டு எழுந்தார். "எல்லாரும் கேளுங்கோ. இந்த வண்டியை அசைக்க எனக்கு இன்னொருத்தரின்ர கை ஒருநாள் தேவைப்பட்டால், அண்டைக்கே விக்கிறன்."

அண்ணன் கத்தியை உயர்த்தினார். "எல்லாரும் கேட்டியள்தானே?"

அன்றிலிருந்து அண்ணன் அந்த ஒரு நாளுக்காகக் காத்திருந்தார். வெறுப்பில் இல்லை. மழை பெய்தால் முதல் போன் அவருடையதுதான்: "ரோட்டு வழுக்கும், கார் கொண்டு வரட்டே?" வண்டி விற்கப்பட்டுவிட்டால் தன் நெஞ்சுக்குள் நிற்கிற ஒரு பாரம் இறங்கும் என்று அவர் நினைத்தார். அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கிண்டல் செய்தார்.

அக்கா பயிற்சியில் இறங்கினார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை காலையும் வீட்டு முன்புறப் புல்வெளியில் பழைய கம்பளத்தை விரித்து, தன் புத்தம் புதிய வண்டியைத் தானே அதன்மேல் சரித்துப் படுக்க வைப்பார். பிறகு அதற்கு முதுகைக் காட்டிக் குந்தி, இருக்கையில் இடுப்பை முட்டுக்கொடுத்து, ஒரு கையால் கைப்பிடியும் மறுகையால் பின்சட்டமும் பிடித்து, பின்பக்கமாகச் சின்னச் சின்ன எட்டு வைப்பார். வண்டி எழும். முதல் ஞாயிறு எதிர்வீட்டுப் பஞ்சாபி அங்கிள் தேநீர்க் கோப்பையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். "நோ நோ, அங்கிள். பிராக்டிஸ்," என்றார் அக்கா. நாலாவது ஞாயிறு அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். ஆறாவது ஞாயிறு அவர் மச்சான் குடும்பமும் வந்திருந்தது.

எங்கே நிறுத்தினாலும் வண்டியின் முகம் வெளியே பார்க்கத்தான் நிறுத்துவார். கடைக்குப் போனால் வாகன நிறுத்தத்தை இரண்டு சுற்றுச் சுற்றுவார். தரை எந்தப் பக்கம் சரிகிறது என்று பார்ப்பார். தேவைப்பட்டால் என்னை இறக்கிவிட்டு ஒரு ஆரஞ்சுப் பழத்தைத் தரையில் உருட்டச் சொல்வார். பிறகு மேட்டுக்கு எதிராகப் பின்னால் தள்ள வேண்டிவரும் என்று, பழம் ஓடுகிற திசையில் முகத்தை வைக்கவே மாட்டார்.

எல்லாமே சிரிப்பாக இருந்ததாகச் சொன்னால் அது பொய். ஒருமுறை வேலையில் மணிக்கட்டு சுளுக்கிக் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். மீன் டின்னை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கி ஒற்றைக் கையால் திறந்துகொண்டிருந்தார். எண்ணெய் கவுனெல்லாம் வழிந்தது. நான் கையை நீட்டினேன்.

"விடும் எண்டனான்."

குரல் வேறாக இருந்தது. நான் இரண்டடி பின்னால் போனேன். டின் திறந்த பிறகு, என்னைப் பார்க்காமலே சொன்னார்: "முகாமிலை சோத்துக்கு, தண்ணிக்கு, கடுதாசிக்கு, கக்கூசுக்கு, எல்லாத்துக்கும் கை நீட்டித்தான் கேட்டது. ஒரு ஆளுக்கு இவ்வளவு எண்டு கோட்டா இருக்கும்தானே. என்ர கோட்டா முடிஞ்சுது. நீர் இருந்து சாப்பிடும்."

நான் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

இனி கோயில். மெல்பர்னின் கிழக்கே, மலையடிவாரத்தில். எந்தக் கோயில் என்று சொன்னால் ஐயருக்குத் தொல்லை, விட்டுவிடுகிறேன். வண்டி வாங்கி இரண்டு மாதம் ஆகியும் வாகன பூசை செய்யவில்லை என்று தெரிந்த ஆன்ட்டிகள், அக்கா மொழியில் அன்ரிமார், எல்லோரும் அக்காவைக் கண்டாலே நெற்றியைச் சுருக்கினார்கள். கடைசியில் ஒரு ஞாயிறு, முன்பகலில் போனோம். அக்கா வண்டியில், நானும் அண்ணனும் அவருடைய ஏழு இருக்கை வண்டியில், தேங்காயோடும், திரும்பும்போது அக்காவின் பின்னால் ஏறுவதற்கான என் ஹெல்மெட்டோடும், இரண்டு தீயணைப்பான்களோடும்.

கோயில் ஒரு சரிவின் அடியில் இருந்தது. அக்கா வழக்கம் போல மேலே, சாலையோரம், முகம் வெளியே பார்க்க நிறுத்தினார். ஐயர் தட்டோடு ஏறி வந்தார். வண்டியின் பின்சக்கரத்தைப் பார்த்து நின்றார்.

"அம்மா, இது சுவாமிக்குப் பின்பக்கம் காட்டிக்கொண்டு நிக்குது."

"இப்பிடியே செய்யேலாதோ, ஐயா?"

"பின்பக்கம் காட்டுற வாகனத்துக்கு நான் என்னண்டு தீபம் காட்டுறது? கீழே கொண்டு வாங்கோ. சுவாமிக்கு முகம் தெரியட்டும்."

அக்கா என்னைப் பார்த்தார். நான் சரிவைப் பார்த்தேன். ஆரஞ்சுப் பழம் தேவையில்லை. அங்கே நின்றால் நாமே உருண்டுவிடுவோம். கோயில் வாசலுக்கு இறங்கும் பாதை ஒரு கார் அகலம்கூட இல்லை. கீழே வாசல் முன்னால் நாலு மீட்டர் டைல் தரை. வண்டியின் நீளமே இரண்டரை மீட்டர். முழுவதும் திருப்ப முடியாது. அக்காவுக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் சாமி முன்னால் பின்பக்கம் காட்டுவதா? கியர் போட்டு இறங்கினார்.

பூசை அமர்க்களமாக நடந்தது. டாங்க்குக்குச் சந்தனப் பொட்டு, விளக்குக்கு மாலை, இரண்டு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம். தேங்காய் உடைந்து தண்ணீர் டைல் எங்கும் ஓடியது. அக்கா ஏறி உட்கார்ந்து ஒரு முழம் முன்னால் நகர்த்தினார். பழங்கள் நசுங்கின. அன்ரிமார் முகம் மலர்ந்தது.

பிறகு பின்னால் எடுக்க வேண்டிய நேரம். அக்கா கால்களை ஊன்றித் தள்ளினார். பூட்ஸ் தேங்காய்த் தண்ணீரில் வழுக்கியது. மறுபடி தள்ளினார். வண்டி ஒரு விரல் பின்னால் வந்து இரண்டு விரல் முன்னால் போனது. இறங்கி நின்று, பிடியைப் பற்றித் தள்ளினார். மேட்டுக்கு எதிராக முந்நூறு கிலோ. காலால் தூக்கும் விதி இங்கே வேலை செய்யவில்லை.

வேட்டி கட்டிய பத்துப் பையன்கள் உடனே வந்துவிட்டார்கள். "அன்ரி, வீ வில் புஷ்," என்றான் ஒருவன்.

"ஒருத்தரும் கை வைக்க வேண்டாம்," என்றார் அண்ணன், வாசற்படியிலிருந்து. "அவ கேட்டால் வையுங்கோ."

எல்லோருக்கும் அந்தச் சபதம் தெரியும். சமூகம் சின்னது; கேக் வெட்டிய அன்றே செய்தி பாதி மெல்பர்னுக்குப் போய்விட்டது. பத்துப் பையன்களும் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். இதற்குள் உள்ளே மணி அடித்தது. பதினொரு மணிக்குப் பிள்ளையார் வீதிவலம் புறப்பட வேண்டும். அவர் புறப்படும் வாசலை ஒரு மூன்று சிலிண்டர் எஞ்சின் அடைத்து நிற்கிறது. எலி வாகனத்தைச் சக்கரம் பூட்டிய சகடையில் வைத்து உள்ளிருந்து உருட்டி வந்தவர்கள் வாசலில் நின்றார்கள். எலியும் வண்டியும் நேருக்கு நேர்.

அண்ணன் இறங்கி வந்து தணிந்த குரலில் சொன்னார். "தங்கச்சி, காணும். ஒரு வார்த்தை சொல்லு, ரெண்டு நிமிசத்திலை மேலை ஏத்துவம். விக்கிறதைப் பிறகு பாப்பம்."

"பிறகு பாக்கிறது எண்டு சொல்லேல்லை அண்ணை. அண்டைக்கே எண்டனான்."

அண்ணனின் கண் கலங்கியிருந்தது. நான் பார்த்தேன், பார்க்காத மாதிரி எலியைப் பார்த்தேன். அக்காவும் எலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எலியின் சகடையை, பிறகு அது போகப் போகும் வழியை. வாசலில் இடப்பக்கம் திரும்பி, கோயிலைச் சுற்றி, வலப்பக்கமாக வந்து சேரும் சிமெண்ட் வீதி. வந்து சேரும்போது முகம் நேரே மேட்டைப் பார்க்கும்.

அக்காவின் எண்ணம் எனக்குப் புரிந்தது. திரும்பும் ஆரத்தை மனக்கணக்காகப் போட்டுப் பார்த்தேன். முடியும். பின்மூலை ஒன்றுதான் இறுக்கம்.

அக்கா ஐயர் முன்னால் போய் நின்றார். இரண்டு கையையும் கூப்பினார்.

"ஐயா, எனக்கொரு உதவி செய்யவேணும்."

இரண்டு வருஷத்தில் அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அதற்கு மூச்சு இழுத்துக்கொள்ள வேண்டியிருந்தது அவருக்கு.

"சொல்லுங்கோ அம்மா."

"வீதியாலை ஒருக்காச் சுத்தி வர விடுவியளோ?"

ஐயர் வண்டியைப் பார்த்தார், எலியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "பூசை செய்த வாகனம் வீதி வலம் வாறதுக்கு நான் ஆர் தடுக்க," என்றார். "ஆனால் சப்பாத்தோட வரேலாது."

இதுதான் இடி. பூட்ஸின் அடி தடிமன் இருந்தால்தான் அக்காவின் கால் ஒழுங்காகத் தரையைத் தொடும். அது இல்லாவிட்டால் விரல் நுனி மட்டுமே. அக்கா உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றி என்னிடம் நீட்டினார். காலுறையையும் உள்ளே திணித்தார். வெறுங்காலோடு ஏறினார்.

எஞ்சின் செருமியது. தவில்காரர் அந்தத் தாளத்தைக் கேட்டுச் சும்மா இருப்பாரா? இரண்டு தட்டுத் தட்டினார், நாதஸ்வரக்காரரும் ஊதிவிட்டார். வண்டி இடப்பக்கம் திரும்பி ஊர்ந்தது. கூட்டம் முழுவதும் பின்னால் நடந்தது. யாரோ ஒரு அன்ரி பூ எறிந்தார். அண்ணன் மட்டும் பக்கத்திலேயே ஓடினார், வேட்டி தடுக்காமல் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு.

பின்மூலையில் வண்டி நின்றது. வண்டியின் நீளத்துக்கு இடம் போதவில்லை; அரைத் திருப்பத்தில் நின்று, கைப்பிடியை முழுக்க வளைத்து, மறுபடி கிளப்ப வேண்டும். அக்கா காலை ஊன்றினார். பெருவிரல் மட்டும் பட்டது. வண்டி சரியத் தொடங்கியது, மெதுவாக, ஞாயிற்றுக்கிழமைக் கம்பளத்தில் சரிவதைப் போலவே. அண்ணனின் இரண்டு கைகளும் வேட்டியை விட்டுவிட்டுப் பாய்ந்தன. டாங்க்குக்கு ஒரு அங்குலம் முன்னால் நின்றன. அவரே நிறுத்திக்கொண்டார்.

அக்கா முழங்காலை டாங்க்கில் அழுத்தி, இடுப்பை எதிர்ப்பக்கம் எறிந்தார். ஒரு கணம். இன்னொரு கணம். வண்டி நிமிர்ந்தது. கைப்பிடியைத் திருகினார், மூலை கடந்தது. வலப்பக்க வீதி, வாசல், பிறகு மேடு. முதல் கியரில், மாலை காற்றில் ஆட, அவ்வளவு பெரிய எஞ்சின் கொஞ்சம்கூட மூச்சு வாங்காமல் மேலே ஏறிச் சாலையோரம் போய் நின்றது. பையன்கள் பத்துப் பேரும் அரோகரா போட்டார்கள். ஒரு கைகூடப் படவில்லை.

நான் பூட்ஸோடு மேலே ஓடினேன். அண்ணன் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தார், மூச்சு இரைத்தது.

"அந்த மூலையிலை என்ர உயிர் போயிட்டுது."

"கண்டனான். ஏன் பிடிக்கேல்லை?"

"பிடிச்சால் நீ வித்திருப்பாய்."

அக்கா அவருடைய வலது கையைப் பிடித்து இழுத்து, சூடான டாங்க்கின் மேல் வைத்தார். அண்ணன் பதறி இழுக்கப் பார்த்தார்.

"இருக்கட்டும்," என்றார் அக்கா. "நானாத்தானே வைக்கிறன்."

கீழே பிள்ளையார் எலியில் புறப்பட்டுவிட்டார்; மேளம் கேட்டது. நாங்கள் யாரும் திரும்பவில்லை. அண்ணன் கையை எடுக்கவில்லை. சந்தனம் ஒட்டிய விரல்களால் டாங்க்கை ஒருமுறை தடவினார். எஞ்சினைக் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து தங்கையைப் பார்த்தார்.

"உது எத்தினை சிசி?"

அக்கா பூட்ஸைக் கேட்டு என் பக்கம் கையை நீட்டினார். "ஏறுங்கோ, சொல்லுறன்."

அண்ணன் தன் காரிலிருந்த என் ஹெல்மெட்டை எடுத்துத் திருநீற்றின் மேல் மாட்டினார். தன் கார்ச் சாவியை என் கையில் திணித்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டினார்.